தூக்குகிற பிள்ளை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்றுதான் இத்தனை நாள் ஒதுங்கி இருந்தேன். ஆனால் நம் பழைய மாணவர் மலரைப் பார்த்துக்கொள்பவர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "நீங்க ஒரு ஆளுதான் பாக்கி. ஒரு பக்கமாச்சும் எழுதிக் குடுங்கலா" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறாம் வகுப்போடு என் தமிழ்ப் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியது கல்யாணக் கார்டுகளின் மேல் பெயர்கள்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

நீங்கள் எல்லோரும் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். திருவிழா, கித்தாக்காட்டில் ரப்பர் கொட்டை பொறுக்கியது, வாத்தியாரின் சைக்கிள், எல்லாம் படித்தேன். நான் எழுதப்போவது நீங்கள் யாரும் இல்லாத ஒரு விடுமுறையைப் பற்றி. இரண்டாம் வகுப்பு முடிந்த அந்த வருடக் கடைசியில் நான் தோட்டத்தில் இல்லை. கோலா பிலாவில் அத்தை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் எனக்கு 'டவுன்காரி' என்று பெயர் வைத்தீர்கள். டவுனில் என்ன பார்த்தாய் என்று கேட்டீர்கள். "கடை பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் நான்காவது பிள்ளை. கால் வீங்கிவிட்டது, ரத்தமும் குறைவு என்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். பெரிய அக்கா சமைத்தாள். சின்ன அக்கா தண்ணீர் எடுத்தாள், ஆட்டைப் பார்த்துக்கொண்டாள். எட்டு வயதான என்னால் உதவியும் இல்லை, என்னைத் தனியாக விடவும் முடியாது. குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்கும். "மூணும் பொட்டப் புள்ளைங்க. இதாச்சும் பையனா வந்தாத்தான் அந்த மனுசன் முதுகு நிமிரும்."

அப்பாவின் முதுகு நிமிராததற்குக் காரணம் வேறு. அவருக்கு லோரியில் ரப்பர் கட்டு ஏற்றும் வேலை. வலது தோளில் தோல் தடித்துப்போய், தொட்டால் பழைய செருப்பைத் தொடுவது போல இருக்கும். லோரிக்காரச் சீனர் காலையிலிருந்து கத்துவது ஒரே வார்த்தை. "அங்காட்! அங்காட்!" தூக்கு, தூக்கு. அப்பாவுக்குத் தெரிந்த மலாயில் பாதி அந்த ஒரு வார்த்தைதான் என்று அம்மா கேலி செய்வாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளுடைய மகன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். அத்தையும் மாமாவும் டவுனில் ஒரு பழைய கடை வரிசையின் மாடியில் குடியிருந்தார்கள். இப்போது அந்த வரிசையைப் படம் எடுக்கக் கோலாலம்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கடையின் நெற்றியிலும் சுண்ணாம்பில் செய்த பூங்கொத்து இருக்கும். எங்கள் கடையின் நெற்றியில் அது கட்டப்பட்ட வருடமும் இருந்தது. நான்கு எண்களில் கடைசி எண் உதிர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் ஒரு செடி முளைத்திருந்தது. கீழே கடைகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை, சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட தரை ஓடுகள். மழை நாளில் அந்த ஓடுகளில் வெறுங்காலை வைத்தால் ஆற்றில் வைத்தது போல் சில்லென்று இருக்கும். வீட்டின் நடுவில் கூரை கிடையாது. வெளிச்சமும் மழையும் நேராகக் கீழே முற்றத்துக் குழியில் விழும். மாடியில் நின்று அந்த மழையை எட்டிப் பார்ப்பேன். வீட்டுக்குள்ளேயே மழை பெய்வது எனக்கு அதிசயமாக இருந்தது. இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது.

மாமா ஒரு பேங்கில் இரவுக் காவலாளி. பகலெல்லாம் தூங்குவார். அத்தை ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போவாள். திரும்ப மூன்று மணி ஆகும். போகும்போது என்னிடம் சொல்லுவது ஒன்றுதான்.

"சத்தம் போடாத. மாமா தூங்குறாரு."

பலகைத் தரை. நான் நடந்தால் கிறீச்சிடும். அதனால் நடக்க மாட்டேன். முன் ஜன்னலில் மரச்சட்டங்களைச் சாய்த்து வைத்து, இடுக்கு வழியாகத் தெருவைப் பார்ப்பேன். எதிரே காப்பிக் கடை, சீனக் கோயில். கோயில் கூரையில் இரண்டு டிராகன்கள் உண்டு, மேலெல்லாம் உடைந்த பீங்கான் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றுக்கு வால் இல்லை. அதற்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், மறந்துவிட்டது. காப்பிக் கொட்டை வறுக்கும் வாசனை வந்தால் மணி பத்து. யாருமே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத நாட்கள் அவை. சில நாள் அத்தை வரும்வரை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் "சாப்பிட்டியா" என்று கேட்கும்போது என் குரலே எனக்கு யாருடையதோ போல் கேட்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் அத்தை கையில் ஒரு பிடி சீனியோடு மாடி ஏறி வந்தாள். "ஒனக்குத் தம்பி பொறந்துட்டான், இந்தா வாயத் தொற" என்றாள்.

நான் சீனியை விழுங்கிவிட்டு, "அப்ப நான் போலாமா அத்தை?" என்றேன்.

"ஏன், இங்க என்னா கொறைச்சல்? ஒங்கம்மா இன்னும் எந்திரிக்கல. நீ போயி என்னா செய்யப்போற?"

என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை.

பின் ஜன்னல் வழியாக மூங்கில் கழியை நீட்டித்தான் துணி உலர்த்துவோம். கீழே ஒரு சந்து, அதைத் தாண்டி ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப்பக்கம் மக்சிக் வீடு. மக்சிக் என்றால் நமக்கு 'அத்தை', 'பெரியம்மா' மாதிரி. நான் வேறு பெயர் சொல்லி அவரை அழைத்ததில்லை. அந்த வீட்டின் கூரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நம் மாநிலத்தில் அரசாங்கக் கட்டடங்களிலெல்லாம் இப்போது சிமெண்டில் வைத்திருக்கிறார்களே, அதுதான். நடுவில் தாழ்ந்து இரண்டு முனையும் எருமைக் கொம்பு போல் மேலே வளைந்த கூரை. மக்சிக் வீட்டில் அது மரத்தில் இருந்தது. தரையைத் தொடாமல் தூண்களின் மேல் நின்ற வீடு. சுவரில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய பலகைகள். முன்னால் மட்டும் காரையில் கட்டிய ஏழு படிகள், ஒவ்வொன்றிலும் ரோஜாப்பூ ஓடு பதித்திருக்கும்.

பச்சைக் கரை போட்ட என் பாவாடை ஒரு நாள் காற்றில் பறந்துபோய் அந்த வீட்டு அடுப்படியின் தகரக் கூரையில் விழுந்தது. எனக்கு இருந்தது இரண்டு பாவாடை. மாமாவை எழுப்பப் பயம். ஜன்னலில் நின்று அழுதேன், அதுவும் சத்தமில்லாமல். கீழே தன் வீட்டு முற்றத்தில் நின்ற மக்சிக் என்னைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தி, "துங்கு! துங்கு!" என்றார்.

நமக்கெல்லாம் பள்ளியில் மலாய்ப் பாடம் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசிப் பாடமாக வைப்பார்கள், பாதி நாள் நடக்காது. 'துங்கு' என்றால் 'காத்திரு' என்று எனக்குத் தெரியாது. தூங்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பட்டப்பகலில் எதற்குத் தூங்கச் சொல்கிறார்? ஒருவேளை மாமாவைப் பற்றிக் கேட்கிறாரோ என்று, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டி, "ஆமா, தூங்குறாரு" என்றேன். மக்சிக் வீட்டுக்குள் போனார். பிறகு கொக்கி கட்டிய கழியைக் கொண்டுவந்து பாவாடையை இழுத்து எடுத்தார். வாங்கிக்கொள்ளக் கீழே போனேன். அதுதான் முதல் நாள்.

அதற்குப் பிறகு அத்தை வேலைக்குப் போனதும் பின் படிக்கட்டில் இறங்கிவிடுவேன். மக்சிக்குக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகன், பட்டாளத்தில் இருந்தார். படியில் உட்கார்ந்து அவர் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், எனக்குப் பத்தில் ஒன்று புரியும். நான் தமிழில் பதில் சொல்லுவேன், அவருக்கு அதுவும் புரியாது. ஆனால் இருவருக்கும் பேச்சு வந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டினார். முன்னால் நீளமாகத் திண்ணை போல இருப்பது செராம்பி. நடுவில் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் பெரிய அறைக்கு 'ஈபு' என்று பெயர். அம்மா என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்த வார்த்தை. வீட்டுக்கு நடுவில் அம்மா என்று ஒரு அறை இருக்கிறது, அதில் யாரும் இல்லை என்பது எனக்கு விநோதமாக இருந்தது. சந்தனமும் பழைய துணியும் கலந்த ஒரு வாசனை அங்கே வரும். செதுக்கிய பலகையின் ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் பூப்பூவாக விழும். அந்தப் பூக்களை மிதிக்காமல் நடப்பேன்.

மக்சிக் தேங்காய்ப்பாலில் மஞ்சளும் காட்டு மிளகாயும் போட்டுச் சமைப்பார். முதல் தடவை எனக்குக் கண்ணீர் வழிந்தது. அவர் சிரித்துவிட்டுச் சர்க்கரை கொடுத்தார். அடுத்த நாள் சந்தையிலிருந்து ஒரு புதுத் தட்டு வாங்கி வந்திருந்தார். நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தட்டு. அதை எனக்குக் காட்டி, "லெம்பு" என்றார். தலையை ஆட்டி, கையை ஆட்டி, மறுபடி "லெம்பு" என்றார். லெம்பு என்றால் மாடு. அது எனக்குத் தெரியும். அந்தத் தட்டில் எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டதும் கழுவித் துணியில் சுற்றி, மற்றத் தட்டுகளோடு சேர்க்காமல் தனியாக ஆணியில் மாட்டினார். தினமும் அப்படியே.

இதை நான் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். "எனக்கு மட்டும் தனித் தட்டு அத்தை. லெம்புத் தட்டாம்."

அத்தை தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றுவிட்டது.

"என்னா சொன்னே? மாட்டுத் தட்டா?"

"ஆமா. அத யாரும் தொட மாட்டாங்க. தனியா மாட்டி வச்சிருக்கு."

"நாசமாப் போறவ" என்றாள் அத்தை. "தோட்டத்து ஆபீசு கிராணி வீட்டுப் பின்வாசல்ல நமக்குன்னு தனியா ஒரு தகரக் குவளைய ஓட்டுல சொருகி வச்சிருப்பாங்க. எங்கம்மா அதுல தண்ணி குடிச்சத நான் பாத்திருக்கேன். இங்கயும் வந்து ஒனக்கு மாட்டுத் தட்டா? இனிமே அங்க ஒரு வாய் திங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மாடு சாப்பிட்ட தட்டு என்று நானும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் போனேன். அந்தத் தட்டிலேயே சாப்பிட்டேன். மாட்டிறைச்சி படாத தட்டு வேண்டும் என்று எனக்காகப் புதிதாக வாங்கி, கலந்துவிடாமல் பத்திரமாக வைத்தார் அந்த மனுஷி. இதைப் புரிந்துகொள்ளும் அறிவு எட்டு வயதில் எனக்கு இல்லை. ஐம்பது வயது அத்தைக்கும் இல்லை. அத்தையைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தத் தகரக் குவளையை அவள் பார்த்திருந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் செராம்பியில் உட்கார்ந்து கல் விளையாடுவோம். நாம் அஞ்சாங்கல் என்போமே, அதேதான். மக்சிக் கல்லுக்குப் பதிலாகச் சின்னத் துணிப் பைகள் ஐந்து தைத்து, உள்ளே பச்சைப் பயறு போட்டுக் கொடுத்தார். என் பாவாடைக் கரை தகரத்தில் மாட்டிக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலை வெட்டிச் சரிசெய்துவிட்டு, மிச்சத் துணியில் அந்தப் பைகளைத் தைத்தார். "பத்து செரெம்பான்" என்றார். அந்த விளையாட்டுக்கு மலாயில் அதுதான் பெயர், பத்து என்றால் கல். எனக்குச் சிரம்பான் என்ற வார்த்தை மட்டும் கேட்டது. அம்மாவைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டேன். அதிலிருந்து விளையாட வேண்டும் என்றால் "செரெம்பான், செரெம்பான்" என்று கேட்பேன். அவர் வந்து உட்காருவார். ஐந்தையும் மேலே போட்டு ஒரே கையில் பிடித்துவிட்டால் அம்மா வந்துவிடுவாள் என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். நான்குக்கு மேல் என் கை கொள்ளவில்லை.

அந்த ஊர் மலாய்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடும் நிலமும் அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் போகும். மகனுக்கு இல்லை. மகள் இல்லாவிட்டால் அக்கா தங்கை பெண்களுக்கு. மக்சிக்குக்கு உடன்பிறந்த பெண்களும் இல்லை. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்கள் குழாயடியில் மூன்றாவது பெண் என்றால் உச்சுக் கொட்டுவார்கள். மக்சிக் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தால் என்னைக் காட்டி, மலாயில் "பொண்ணு, பொண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்களும் என் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

புது வருடம் பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மக்சிக் என்னை ஈபு அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். தினமும் போல என் தலையைப் பின்னிவிட்டார். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கேட்டார். "ஜாடி ஆனாக் அங்காட் மக்சிக், மாவ்?"

ஆனாக் என்றால் பிள்ளை, தெரியும். மாவ் என்றால் வேண்டுமா. அங்காட் எனக்கு நன்றாகத் தெரியும், அது அப்பாவின் வார்த்தை. தூக்குகிற பிள்ளையாக இருக்கிறாயா என்று கேட்கிறார். எதைத் தூக்க வேண்டும் என்று சுற்றிப் பார்த்தேன். மூலையில் தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம் இருந்தது. எழுந்து போய் அதை இடுப்பில் வைத்துத் தூக்கினேன். பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது. "போலே" என்றேன், முடியும் என்று. மக்சிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். குடம் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கேயே இருக்கலாம் என்றால் தினம் பத்துக் குடம் தூக்க நான் தயாராக இருந்தேன்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அப்பா வந்தார். காலையில் அத்தை வேலை செய்யும் கடைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு மாடிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை மழையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தை தட்டு விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும். வந்ததும் என்னிடம் கேட்டது அதைத்தான்.

"மாட்டுத் தட்டுல சோறு போட்டாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"கிளம்பு" என்றார்.

அப்போது பின் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அப்பா வந்ததை மக்சிக் ஜன்னலில் பார்த்திருக்கிறார். நல்ல உடை உடுத்து, தலையில் முக்காடு போட்டு, கையில் பித்தளை வெற்றிலைப் பெட்டியோடு வந்து நின்றார். முறையாக ஒன்றைக் கேட்க வேண்டும் என்றால் அவர்கள் வெற்றிலைப் பெட்டி வைத்துத்தான் கேட்பார்கள். அப்பாவின் முன்னால் பெட்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். மாமா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மக்சிக் நிறையப் பேசினார். அதில் 'ஆனாக் அங்காட்' இரண்டு மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகம் இறுகியது. தன்னிடம் இருந்த மலாயைத் திரட்டி, "டியா கெச்சிக். தா போலே அங்காட்" என்றார். அவள் சின்னவள், தூக்க முடியாது.

மக்சிக் முகம் மலர்ந்தது. "கெச்சிக் லா பாரு பாகுஸ்!" சின்னவளாக இருந்தால்தானே நல்லது!

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி மக்சிக்கிடம், "பெராட்" என்றார். கனம்.

மக்சிக் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "தாவ், தாவ். பாபா பெராட்." தெரியும், தெரியும், அப்பாவுக்குக் கனமாகத்தான் இருக்கும்.

"பாத்தியா, தெரிஞ்சேதான் கேக்குறா" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல். "வெத்தல பாக்கு வச்சு ஆளு பிடிக்கிறதெல்லாம் கங்காணி காலத்தோட போச்சு. என் புள்ளய ஒரு வீட்டுலயும் சொம தூக்க விட மாட்டேன்."

நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அப்பாவின் பக்கத்தில் அத்தை கட்டிவைத்த என் துணி மூட்டை இருந்தது. அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "நான் தூக்குவேம்பா. குடமே தூக்குனேன். நான் இங்கயே இருக்குறேன்."

அப்பா மூட்டையைப் பிடுங்கினார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை மக்சிக்கின் பக்கம் மெதுவாகத் தள்ளினார். அதில் மரியாதைக் குறைவு இல்லை, அதை இன்றைக்கும் சொல்லுவேன். மக்சிக் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அப்பா குனிந்து என்னைத் தூக்கி வலது தோளில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணை. விவரம் தெரிந்து அவர் என்னைத் தூக்கியதே இல்லை. முன் படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் நின்ற ஐந்தடி நடைபாதை வழியாக பஸ் நிற்குமிடம் வரை இறக்கிவிடாமல் நடந்தார். தடித்துப்போன அந்தத் தோல் என் தொடையில் உரசியது. தோளுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்தது கடையின் நெற்றியும், எண் உதிர்ந்த இடத்தில் மழையில் ஆடிய அந்தச் செடியும்தான். ஐந்து பச்சைப் பைகளும் பின் ஜன்னல் கட்டையில் இருந்துவிட்டன. பயறு நனைந்து முளைத்திருக்கும்.

இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்தில் மலாய் ஆசிரியை கரும்பலகையில் 'ஆனாக் அங்காட்' என்று எழுதி, வாக்கியம் அமைக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "எடுத்து வளக்குற புள்ள, இது தெரியாதா?" என்றாள். தத்துப் பிள்ளை. நான் நின்றேன், வாக்கியம் வரவில்லை. அந்தப் பாடம் முடியும்வரை நிற்க வைத்தார்.

அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை. சரியாகப் புரிந்திருந்தால் இன்னும் வேகமாக மறுத்திருப்பார். என் பெயர் மாறியிருக்கும், சாமி மாறியிருக்கும், எந்தத் தகப்பன் சம்மதிப்பார்? ஆனால் என்னை வேலைக்காரியாகக் கேட்டாள் என்று ஒரு நல்ல மனுஷியைப் பற்றி அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால், என் பிள்ளையைச் சுமை தூக்க விட மாட்டேன் என்று அவர் அன்றைக்கு நின்றாரே, அது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் மக்சிக்கின் பெயர் கெட்டது கெட்டதாகவே இருந்துவிட்டது. இந்த மலரில் நான் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன வருடம் சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்தும் வீட்டுக்குத் திரும்பாமல், சுற்றிக்கொண்டு கோலா பிலாவுக்குப் போனேன். கடை வரிசைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார்கள். உதிர்ந்த எண்ணையும் வைத்துவிட்டார்கள். அது சரியான எண்தானா என்று யாருக்குத் தெரியும். பின் சந்துக்குப் போனேன். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் புல்லுக்கு நடுவே ரோஜாப்பூ ஓடு பதித்த ஏழு படிகள் மட்டும் நின்றன. மேலே வீடு இல்லை. வேலி ஓரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரரிடம் அந்த வீடு எங்கே என்று கேட்டேன்.

"சுடா அங்காட்" என்றார். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மக்சிக் போன பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்ததாம். பிறகு பலகை பலகையாகக் கழற்றி, எங்கோ ஓர் ஓட்டல்காரர்கள் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறார்களாம். "மகள் இல்ல" என்றார். நான் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இனி அந்த நாளை முடித்துவிடுகிறேன். பஸ்ஸில் அப்பா எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றேன். வீட்டுக்குப் போகும்போது தோட்டத்து லயத்து வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம். அம்மா பாயில் உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைய யாரு இவ்ளோ நல்லா பின்னிவிட்டது?" என்று கேட்டாள். அத்தை என்றேன். "அப்பாடி, நாளைக்கு நான் வேலைக்கு எறங்கணும். நல்ல வேளை வந்துட்டே" என்றாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அம்மா வேலைக்குப் போனாள். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு, பால் போத்தலும் துணியும் வைத்த கூடையை மறு கையில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு நடந்தேன். வழியில் இரண்டு முறை கை மாற்றிக்கொண்டேன்.